8, 18, 32: வேதியியலில் என்னைக் கரையேற்றிய மூன்று எண்கள்

நீட் ரிசல்ட் வந்து நாலு நாள் ஆகிறது. அம்மா மண்டைக்காட்டு அம்மனுக்கு நேர்ந்திருந்ததை முடித்துவிட்டு வந்தாச்சு. ரேங்க் பட்டியல், கலந்தாய்வு எல்லாம் இனிமேல்தான். ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரி கிடைக்குமா, வேறு ஊரா என்று தெரியாது. ஆனால் ஒன்று மட்டும் சூடு ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும் என்று தோன்றியது. முதல் தடவை எனக்கு வேதியியலில் 180-க்கு 47. இந்தத் தடவை 131. நடுவில் மாறியது தனிம வரிசை அட்டவணையை நான் பார்த்த விதம்தான். உயிரியல், இயற்பியல் பற்றி இதில் ஒன்றும் எழுதப்போவதில்லை.

முதல் வருடம் நாகர்கோவிலில் ஒரு கோச்சிங்கில் சேர்ந்தேன். காலையில் 5:50 பஸ். அங்கே அட்டவணையைப் பாட்டாகச் சொல்லிக்கொடுத்தார்கள். ஒவ்வொரு தொகுதிக்கும் (அட்டவணையில் மேலிருந்து கீழே ஓடும் நெடுவரிசை) ஒரு வாக்கியம், வார்த்தைகளின் முதலெழுத்தெல்லாம் தனிமங்களின் குறியீடு. 60 பேர் சேர்ந்து கத்துவோம். ஒரே வாரத்தில் எல்லாத் தொகுதியும் மனப்பாடம். எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா! அட்டவணை முடிந்தது என்று நினைத்து ஐந்து மாதம் அந்தப் பக்கமே திரும்பவில்லை.

அந்த ஐந்து மாதத்தை நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது. பாட்டு, யாருக்குக் கீழே யார் என்று சொல்லும். நீட் அதைக் கேட்பதே இல்லை. ஏறுவரிசையில் எழுது, எந்த இணை தவறு, கூற்று ஒன்று சரியா கூற்று இரண்டு சரியா, இப்படித்தான் கேட்கும். "மேலிருந்து கீழே போனால் ஆரம் கூடும், அயனியாக்கும் ஆற்றல் (அணுவிலிருந்து ஒரு எலக்ட்ரானைப் பறிக்கத் தேவையான ஆற்றல்) குறையும்" என்ற ஒரு வரியை வைத்துக்கொண்டு எல்லாவற்றுக்கும் விடை போட்டேன். மாதிரித் தேர்வுகளில் 13-ஆம் தொகுதியில் மட்டும் எத்தனை முறை மைனஸ் வாங்கினேன் என்று எண்ணினால் 11. விளக்கம் கேட்டபோது "அது விதிவிலக்கு, அப்படியே மனப்பாடம் பண்ணு" என்றார்கள். விதிவிலக்குகளை எழுதிக்கொண்டே போனேன், நோட்டில் மூன்று பக்கம் ஆனது. மூன்று பக்கம் விதிவிலக்கு என்றால் விதிக்கு என்ன மரியாதை?

இரண்டாம் வருடம் கோச்சிங் போகவில்லை, பணமும் இல்லை. வீட்டிலிருந்தே படித்தேன். ஒரு நாள் எங்கள் அரசுப் பள்ளி வேதியியல் சாரைப் பார்க்கப் போனேன். காலியம் ஏன் அலுமினியத்தைவிடச் சின்னது என்று கேட்டேன். சார் பதில் சொல்லவில்லை. ஒரு பேப்பரை நீட்டினார். "மக்களே, பேரை விடு. 13-ஆம் தொகுதி அணு எண்ணை ஒண்ணுக்குக் கீழ ஒண்ணா எழுது. எழுதிட்டு கழிச்சிப் பாரு."

போரான் 5. அலுமினியம் 13. காலியம் 31. இண்டியம் 49. தாலியம் 81.

வித்தியாசம்: 8, 18, 18, 32.

"எங்க சறுக்குதுன்னு இப்பம் பாரு" என்றார். அவ்வளவுதான். நான் அங்கேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன்.

புரிந்ததைச் சொல்கிறேன். நான் இதற்குத் தாவல் என்று பெயர் வைத்திருக்கிறேன். ஒரு தனிமத்திலிருந்து அதன் கீழ்வீட்டுக்காரருக்குப் போக எத்தனை புரோட்டான் தாண்டுகிறோம் என்பதுதான் தாவல். எஸ், பி, டி, எஃப் என்பவை எலக்ட்ரான்கள் குடியிருக்கும் ஆர்பிட்டால் வகைகள். 8 என்றால் நடுவில் எஸ், பி மட்டும். 18 என்றால் 10 டி எலக்ட்ரான்கள் புதிதாக உள்ளே வந்திருக்கின்றன. 32 என்றால் அதோடு 14 எஃப் எலக்ட்ரான்களும். டி எலக்ட்ரான் திரைமறைப்பில் (அணுக்கருவின் இழுப்பை வெளி எலக்ட்ரானிடமிருந்து மறைப்பதில்) மோசம், எஃப் அதைவிட மோசம். ஆக, தாவல் பெரிதாகும் இடத்தில் அணுக்கருவின் இழுப்பு வெளி எலக்ட்ரானுக்கு எதிர்பார்த்ததைவிட அதிகமாக எட்டுகிறது. கூடு ஒன்று கூடியிருந்தும் அணு பெருக்க வேண்டிய அளவு பெருக்காது. அலுமினியத்தின் ஆரம் 143 பிகோமீட்டர், காலியம் 135. அயனியாக்கும் ஆற்றலும் 577-லிருந்து 579 கிலோஜூல்/மோல் ஆகிறது. இண்டியம் 558, தாலியம் 589. தாவல் 8-லிருந்து 18 ஆன இடத்தில் ஒரு சறுக்கல், 18-லிருந்து 32 ஆன இடத்தில் இன்னொன்று. நடுவில் 18-க்கு அடுத்து 18 வந்த இடத்தில் விதிப்படி குறைகிறது.

என் மூன்று பக்க விதிவிலக்கில் தொகுதிகளைப் பற்றியது பெரும்பாலும் இந்தத் தாவல் ஒன்றில் அடங்கிவிட்டது:

வெள்ளீயம் 50, காரீயம் 82. தாவல் 32. அயனியாக்கும் ஆற்றல் 708-லிருந்து 715-க்கு ஏறுகிறது.
வெள்ளி 47, தங்கம் 79. தாவல் 32. தங்கத்துக்குத்தான் அதிகம்.
பேரியம் 56, ரேடியம் 88. தாவல் 32. 503, 509.
சிர்கோனியம் 40, ஹாஃப்னியம் 72. தாவல் 32. ஆரம் 160, 159.

கடைசி ஜோடியில் கொஞ்சம் நிற்கிறேன், ஏனென்றால் அது எங்கள் வீட்டு வாசலில் கிடக்கிறது. எங்கள் வீடு மணவாளக்குறிச்சிப் பக்கம். கடற்கரையில் கருமணல் கோடு கோடாகப் படிந்திருப்பதைச் சின்ன வயதிலிருந்து பார்க்கிறேன். மணல் ஆலையில் அதிலிருந்து இல்மனைட், ரூட்டைல், சிர்கான், கார்னெட், மோனசைட் என்று தனித்தனியாகப் பிரிக்கிறார்கள். 19 வருடம் அந்த மணலில் நடந்திருக்கிறேன், டி தொகுதியும் எஃப் தொகுதியும் (டி, எஃப் எலக்ட்ரான்கள் நிரம்பும் தனிமங்கள்) காலடியில் என்று ஒருவரும் சொல்லவில்லை. இல்மனைட்டில் இரும்பும் டைட்டானியமும். சிர்கானில் சிர்கோனியம், அதோடு எப்போதும் கொஞ்சம் ஹாஃப்னியம். இரண்டுக்கும் ஆரம் ஏறக்குறைய ஒன்று, வெளி எலக்ட்ரான் அமைப்பும் ஒன்று, எனவே படிகத்துக்குள் ஒன்றின் இடத்தில் மற்றது போய் உட்கார்ந்துகொள்கிறது. அதனால்தான் ஹாஃப்னியம் 1923 வரை யார் கண்ணிலும் படவில்லை. கடைசியில் கோபன்ஹேகனில் கோஸ்டரும் ஹெவெசியும் எக்ஸ் கதிர் நிறமாலையை வைத்து சிர்கோனியக் கனிமத்துக்குள்ளேயேதான் கண்டுபிடித்தார்கள். அணு உலைக்கு சிர்கோனியம் வேண்டுமென்றால் ஹாஃப்னியத்தை நீக்கியே ஆக வேண்டும், அது நியூட்ரானை விழுங்கும். லாந்தனைடு குறுக்கம் (நடுவில் வரும் 14 எஃப் எலக்ட்ரான்களால் அணு பெருக்காமல் போவது) என்றால் என்ன என்று இனி யார் கேட்டாலும் எனக்குப் புத்தகம் வேண்டாம்.

மோனசைட் கதை இன்னும் பிடிக்கும். 1909-இல் ஷோம்பர்க் என்ற ஜெர்மன் வேதியியலர், அன்றைய திருவிதாங்கூரிலிருந்து போன கயிற்றில் ஒட்டியிருந்த மணலில்தான் அதைக் கண்டார். மோனசைட் என்பது சீரியம், லாந்தனம், நியோடிமியம், தோரியம் எல்லாம் சேர்ந்த பாஸ்பேட். எங்கள் பாட்டா மண்டைக்காட்டுக் கொடைக்குப் பெட்ரோமாக்ஸ் வாடகைக்கு விட்டவர். அந்த விளக்கின் மேன்டில் எரிந்து சாம்பலான பிறகுதானே வெளிச்சம் தரும்? அந்தச் சாம்பல் தோரியம் ஆக்சைடு, கூடவே துளி சீரியம் ஆக்சைடு. அந்தக் காலத்தில் மோனசைட்டைத் தேடி அலைந்ததே இந்த மேன்டிலுக்காகத்தான். அட்டவணைக்குக் கீழே தனியாக இரண்டு வரி கிடக்கிறதே, கேள்வி வராது என்று எல்லாரும் விடுவது, அதில் ஒன்று எங்கள் வீட்டுத் திண்ணையில் எரிந்திருக்கிறது. உங்கள் ஊரிலும் ஏதாவது இருக்கும், தேடுங்கள். உப்பளம் இருந்தால் சோடியத்திலும் ஹாலஜன்களிலும் தொடங்குங்கள்.

தொகுதிக்குத் தாவல். வரிசையில் இடமிருந்து வலம் போகும்போது அது உதவாது, வேறு இரண்டு படிக்கட்டுகள் உண்டு. அயனியாக்கும் ஆற்றலில் பெரிலியம் 899, போரான் 801: எஸ் நிரம்பியவரிடமிருந்து பறிப்பது கடினம், பி-யில் புதிதாக வந்த ஒற்றை ஆளிடமிருந்து எளிது. நைட்ரஜன் 1402, ஆக்சிஜன் 1314: நைட்ரஜனில் பி சரிபாதி நிரம்பியது, பறிப்பது கடினம். கீழ் வரிசையிலும் இதே: மெக்னீசியத்துக்குப் பின் அலுமினியம் இறங்கும், பாஸ்பரஸுக்குப் பின் கந்தகம் இறங்கும். இவ்வளவுதான், இதற்கு மேல் நேரம் செலவழிக்காதீர்கள்.

இரண்டாம் வரிசைக்காரர்கள் மட்டும் தனி ஜாதகம். அணு ரொம்பச் சின்னது, எலக்ட்ரான்கள் நெருக்கியடித்து இருக்கும், புதிதாக ஒன்று வந்தால் தள்ளும். அதனால் எலக்ட்ரான் ஏற்பதில் ஃபுளூரினைவிடக் குளோரின் முந்தும் (328, 349), ஆக்சிஜனைவிடக் கந்தகம் முந்தும் (141, 200). ஃபுளூரின் மூலக்கூறின் பிணைப்பு வலுவில்லாமல் போனதும் இதே நெருக்கடியால்தான். பிணைப்பு வலுவின் வரிசை: குளோரின், புரோமின், ஃபுளூரின், அயோடின். ஆனால் எலக்ட்ரான் கவர்திறனில் (பிணைப்பில் எலக்ட்ரானைத் தன் பக்கம் இழுப்பதில்) ஃபுளூரின்தான் முதல். எலக்ட்ரான் ஏற்பதையும் கவர்திறனையும் குழப்பி நான் இழந்தது கொஞ்சமில்லை.

தமிழ் வழியில் எழுதுகிறவர்களுக்கு ஒரு முக்கியமான விஷயம். எலக்ட்ரான் ஏற்பதற்கு நம் புத்தகத்தில் எலக்ட்ரான் நாட்டம் என்று பெயர். மத்திய அரசின் என்.சி.இ.ஆர்.டி புத்தகத்தில் எலக்ட்ரான் கெயின் என்தால்பி, மைனஸ் குறியோடு வரும். "அதிக எதிர்மதிப்பு" என்று கேட்டால் குளோரின். வினாத்தாளில் தமிழ் வாக்கியம் இடித்தால் உடனே பக்கத்தில் இருக்கும் ஆங்கில வாக்கியத்தைப் படியுங்கள். மொழிபெயர்ப்பில் சந்தேகம் வந்தால் ஆங்கிலம்தான் இறுதி. ஒவ்வொரு கலைச்சொல்லுக்கும் எதிரே ஆங்கிலச் சொல்லையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

நான் தினமும் செய்தது:
காலையில் எழுந்ததும் வெற்றுக் கட்டம், 7 வரிசை, 18 தொகுதி. பெயர் எழுதுவதில்லை, அணு எண் மட்டும்.
முதலில் மந்த வாயுக்கள்: 2, 10, 18, 36, 54, 86, 118. இவை ஏழும் சுவர்கள். வீடு அதற்குப் பிறகு தானாக எழும்பும்.
தாவல் பெரிதாகும் இடத்தில் சிவப்பு மையால் ஒரு கோடு.
ஒரு நாளைக்கு ஒரு தொகுதி மட்டும் முழுதாக: ஆக்சிஜனேற்ற நிலை, ஹைட்ரைடு, ஆக்சைடு, ஹாலைடு. மந்த இணை விளைவும் (வெளிக்கூட்டின் இரண்டு எஸ் எலக்ட்ரான்கள் பிணைப்பில் சேராமல் ஒதுங்குவது) அந்த 32 கோட்டுக்குக் கீழேதான் முழு பலத்தோடு நிற்கிறது, தாலியத்துக்கு +1, காரீயத்துக்கு +2.
குரோமியமும் தாமிரமும் எலக்ட்ரான் அமைப்பில் ஏமாற்றும். 24, 29.
100-க்கு மேல் பெயரிடும் முறைக்கு அரைமணி நேரம் போதும்.

2024-இலிருந்து எஸ் தொகுதி தனி அலகாக நீட் பாடத்திட்டத்தில் இல்லை. ஆனாலும் பதினோராம் வகுப்புப் புத்தகத்தில் இருக்கிறது, ஒரு தடவையாவது படித்துவிடுங்கள். தொகுதிப் போக்கு சுத்தமாகத் தெரிவது அங்கேதான். லித்தியம் 520, சோடியம் 496, பொட்டாசியம் 419, ருபீடியம் 403. தாவல் 18 ஆன இடத்தில் இறக்கம் எப்படிச் சுருங்குகிறது என்று நீங்களே கழித்துப் பாருங்கள்.

பாட்டே வேண்டாமா என்று பக்கத்து வீட்டுத் தங்கச்சி கேட்டாள். எனக்கு அது ஒத்துவரவில்லை. காரணம் தெரியாமல் எதையும் மனதில் நிறுத்த என்னால் முடியாது. ஒரு தடவை கேட்டதும் பதிந்துவிடுகிறவர்களுக்குப் பாட்டு போதுமாக இருக்கலாம், அவர்களும் பாஸாகிறார்கள்.

மெண்டலீவைப் பற்றி ஒன்று. 1869-இல் 63 தனிமங்களை வைத்து அட்டவணை போட்டபோது அலுமினியத்துக்குக் கீழே ஒரு இடத்தைக் காலியாக விட்டார். அங்கே வரப்போகிறவரின் அடர்த்தி 5.9 இருக்கும் என்று 1871-இல் எழுதினார். 1875-இல் பிரான்சில் காலியம் கிடைத்தது. முதலில் அளந்தபோது 4.7 வந்தது. மாதிரி சுத்தமில்லை, மறுபடி பாருங்கள் என்றார் மெண்டலீவ். சுத்தப்படுத்தி அளந்தார்கள், 5.9. பார்க்காத தனிமத்தை, அதை உள்ளங்கையில் வைத்திருந்தவரைவிட அவர் சரியாக அறிந்திருந்தார். என்னை 11 முறை கவிழ்த்த அதே காலியம்! இந்தக் கதையைப் படித்த அன்று ராத்திரி நான் தூங்கவில்லை.

இப்போது தொடங்குகிறவர்கள் பழைய கணக்கு நோட்டின் மீதிப் பக்கங்களிலேயே கட்டம் போடலாம். பென்சில் வேண்டாம், பேனாவால் போடுங்கள். எந்தக் கட்டத்தில் தினமும் தடுமாறுகிறீர்கள் என்று பத்து நாள் பக்கங்களைப் புரட்டினால் தெரிந்துவிடும். எனக்கு அது 72. உங்களுக்கு எது என்று பார்த்து, அந்தத் தொகுதியில் தொடங்குங்கள்.