ஏழாவது காலைத் தூக்கினேன், பூட்டு திறந்தது

நண்பன் செய்து கொடுத்த புதிர் போர்டு இது. நான்கு இலக்க ரகசிய எண்ணை யுஎஸ்பி வழியாக அனுப்ப வேண்டும். ஐந்து முறை தவறினால் நிரந்தரமாகப் பூட்டிக்கொள்ளும். கரண்ட்டை நிறுத்திப் போட்டாலும் மறக்காது. அப்படியென்றால் எங்கோ எழுதி வைக்கிறது. போர்டை இயக்கும் சிப்பான மைக்ரோகன்ட்ரோலருக்குப் பக்கத்திலேயே ஒரு 24சி02 இருந்தது, 256 பைட் கொள்ளும் ஈப்ராம், அதாவது கரண்ட் போனாலும் மறக்காத நினைவகச் சிப்.

இரண்டுக்கும் நடுவே ஓடுவது ஐ2சி, சிப்புகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் முறை. 1980களின் தொடக்கத்தில் பிலிப்ஸ் உருவாக்கியது. கடிகாரத்துக்கு ஒரு கம்பி, தகவலுக்கு ஒரு கம்பி. ரகசியம் காப்பதற்கு அதில் எதுவுமே கிடையாது. கம்பியில் ஓடும் துடிப்புகளைப் பதிவு செய்ய, ரிச்சி தெருவில் வாங்கிய சின்ன லாஜிக் அனலைசரின் கிளிப்புகளை 24சி02-இன் ஐந்தாம், ஆறாம் கால்களில் மாட்டி, அவற்றைத் திரையில் காட்டும் பல்ஸ்வியூ மென்பொருளைத் திறந்தேன்.

தப்பான எண் ஒன்றை அனுப்பினால், முதலில் ஒரு பைட்டைப் படிக்கிறது: 05. அப்புறம் அதே இடத்தில் 04 எழுதுகிறது. மிச்சமிருக்கும் முயற்சிகளின் எண்ணிக்கை அது. ரகசிய எண் இந்தக் கம்பிக்கே வரவில்லை, அது கன்ட்ரோலருக்குள் இருக்கிறது. சரி, எண்ணைத் திருட முடியாது. ஆனால் எண்ணிக்கையை உறைய வைக்கலாமே?

24சி02-இன் ஏழாவது கால் ரைட் ப்ரொடெக்ட், எழுதத் தடை போடும் கால். கிரவுண்டில் இருந்தால் எழுதலாம், விசிசி, அதாவது சிப்புக்கு வரும் மின்சாரத்தைக் கொடுத்தால் எழுத முடியாது. விசிசி வருவது பக்கத்திலேயே, எட்டாவது காலில்! ஏழாவதைச் சூடாக்கி, போர்டில் அது ஒட்டியிருந்த பேடிலிருந்து தூக்கி, ஒரு சொட்டு ஈயத்தால் எட்டோடு சேர்த்தேன்.

எனக்கு மிகவும் பிடித்த இடம் இதற்கு அப்புறம்தான். எழுதத் தடை போட்ட பிறகும், ஒவ்வொரு பைட்டுக்கும் ஒன்பதாவது துடிப்பில் அந்தச் சிப் 'அக்', அதாவது "வந்து சேர்ந்தது" என்ற பதில், கொடுத்துக்கொண்டே இருந்தது. டீக்கடையில் "ரெண்டு டீ" என்றதும் "ஆங்" என்று குரல் வருமே, டீ வந்ததா என்பது வேறு விஷயம். கன்ட்ரோலர் அந்த "ஆங்"கை நம்பிவிட்டது. எல்லா 24சி02-வும் இப்படி நடக்காது; எஸ்டி நிறுவனத்தின் எம்24சி02 தடை இருக்கும்போது டேட்டா பைட்டுக்கு அக் தராது.

ஒவ்வொரு முறை படிக்கும்போதும் 05, 05, 05. ஒரு பைத்தான் ஸ்கிரிப்ட் 0000-இலிருந்து வரிசையாக அனுப்பியது. ஒரு முயற்சிக்கு அரை நொடி; 9999 வரை போனாலும் ஒன்றரை மணி நேரம் ஆகாது.

பூட்டு திறந்ததும் நண்பனுக்கு போன் போட்டேன். "இனிமே எழுதினதும் திரும்பப் படிச்சுப் பாக்கணும் மச்சி" என்றான். அது மட்டும் போதாது, எண்ணைச் சரிபார்க்கும் முன்பே எண்ணிக்கையைக் குறைத்துவிடு என்றேன். இப்போதுள்ள வரிசைப்படி, 04 எழுதத் தொடங்கும் முன் கரண்ட்டைத் துண்டித்தாலே போதும், காலைத் தூக்கவே வேண்டாம்.