இ.பி. போட முடியாத தீர்மானம்

சிவில் கேஸில் டிகிரி, அதாவது கோர்ட்டின் தீர்ப்பாணை, வாங்குவது பாதி வேலைதான். எதிராளி அசையவில்லை என்றால் அதை நிறைவேற்றச் சொல்லி இ.பி. என்ற மனுவைப் போட்டு, ஆர்டர் வாங்கி, கோர்ட் உத்தரவை நிறைவேற்றும் ஊழியரான அமீனாவைக் கூட்டிக்கொண்டு போக வேண்டும். சென்னை தம்புச் செட்டித் தெருவில் வக்கீல் குமாஸ்தாவாகவே தலை நரைத்தவன் நான். எந்தத் தாளைப் பார்த்தாலும் கண் முதலில் அங்கேதான் போகும்: இதை நிறைவேற்றப் போவது யார்?

எங்கள் ஆபீஸ் ஜூனியர் மேடம் மருந்துக் காப்புரிமை பற்றி ஒரு கருத்தரங்கில் பேசப் போகிறார். ஐ.நா.வின் மனித உரிமைகள் துணை ஆணையம் 2000 ஆகஸ்டில் ஜெனீவாவில் போட்ட தீர்மானம் ஒன்றைக் காட்டினார். காப்புரிமை போன்ற அறிவுசார் சொத்துகளுக்கான உலக வர்த்தக அமைப்பின் டிரிப்ஸ் ஒப்பந்தம் மனித உரிமைகளோடு மோதுகிறது, பொருளாதார ஒப்பந்தங்களைவிட மனித உரிமைக் கடமைகளுக்கே முதலிடம் என்று அரசுகளுக்கு அது நினைவூட்டுகிறது.

"எவ்வளவு தெளிவா எழுதியிருக்காங்க, பாருங்கண்ணா."

"தெளிவுதான் மேடம். இ.பி. எந்தக் கோர்ட்ல போடறது?"

சிரித்தார். அதே ஜெனீவாவில் இருக்கும் உலக வர்த்தக அமைப்புக்கு அமீனா உண்டு. தோற்ற நாடு அடங்காவிட்டால், ஜெயித்த நாடு அதன் சரக்குக்கு வரியை ஏற்ற அனுமதி வாங்கலாம். துணை ஆணையத்தையோ 2006-இல் மூடியே விட்டார்கள். 2001-இல் தோஹாவில் வர்த்தக அமைப்பின் அமைச்சர்கள், பொது சுகாதாரத்துக்கு அனுசரணையாக டிரிப்ஸுக்குப் பொருள் கொள்ள வேண்டும் என்று அறிவித்தார்களே, அதற்குத்தான் கனம் அதிகம் என்பது என் கட்சி.

சரி, நம் ஊருக்கு வருவோம். ரத்தப் புற்றுநோய்க்கான க்ளிவெக் மாத்திரை, வழக்கு நடந்த காலத்தில் சுவிஸ் கம்பெனியான நோவார்ட்டிஸின் விலையில் மாதம் சுமார் ரூ.1,20,000. இந்தியக் கம்பெனிகளின் மாத்திரை பத்தாயிரத்துக்குள் கிடைத்தது. டிரிப்ஸுக்காக 2005-இல் காப்புரிமைச் சட்டத்தைத் திருத்தியபோது, இடதுசாரிகள் நெருக்கியதில் 3(டி) பிரிவையும் இறுக்கினார்கள்: தெரிந்த மருந்தின் புது வடிவம், பலன் கூடினால் ஒழிய கண்டுபிடிப்பு ஆகாது. 2006 ஜனவரியில் சென்னை காப்புரிமை அலுவலகம் க்ளிவெக் விண்ணப்பத்தைத் தள்ளியது. அந்தப் பிரிவே செல்லாது, டிரிப்ஸுக்கு முரண் என்று கம்பெனி எங்கள் ஹைகோர்ட்டுக்கு வந்தது.

2007 ஆகஸ்டில் நீதிபதிகள் ஆர். பாலசுப்பிரமணியன், பிரபா ஸ்ரீதேவன் அமர்வு மனுவைத் தள்ளுபடி செய்தது. டிரிப்ஸ் தகராறை விசாரிக்க எங்களுக்கு அதிகாரம் இல்லை, அதற்கு வர்த்தக அமைப்பிலேயே ஏற்பாடு இருக்கிறது என்றார்கள். உயிர்காக்கும் மருந்து மக்களுக்கு எளிதில் கிடைக்கச் செய்வது அரசின் கடமை என்றும் எழுதினார்கள். ஜெனீவாத் தாள் கேட்டதும் இதைத்தான். இங்கே அதற்கு ஒரு செக்‌ஷன் இருந்தது, அவ்வளவுதான் வித்தியாசம். 2013 ஏப்ரலில் சுப்ரீம் கோர்ட்டும் க்ளிவெக்குக்குக் காப்புரிமை இல்லை என்று முடித்தது.

இதற்கு ஒரு மாதம் முன்புதான் ஐ.பி.ஏ.பி. என்ற அறிவுசார் சொத்து மேல்முறையீட்டு வாரியத்தின் தலைவராக இருந்த அதே பிரபா ஸ்ரீதேவன், நெக்ஸாவார் என்ற புற்றுநோய் மருந்துக்கான கட்டாய உரிமத்தை, அதாவது காப்புரிமைக்காரர் சம்மதம் இல்லாமலே இன்னொரு கம்பெனி தயாரிக்க அரசு தரும் அனுமதியை, உறுதி செய்தார். மாதம் ரூ.2,80,000 ஆன மருந்தை ரூ.8,800-க்கு விற்க வழிசெய்த உரிமம் அது.

ஐ.நா. தாள்கள் வாதத்துக்குப் பலம் என்கிறார் மேடம். இருக்கலாம். கடைசிப் பக்கத்தில் வையுங்கள், முதல் பக்கத்தில் செக்‌ஷன் இருக்கட்டும் என்றேன்.

வர்த்தக அமைப்பில் கம்பெனி கேஸ் போட முடியாது, அரசுதான் போட வேண்டும். 3(டி)யை எதிர்த்து சுவிட்சர்லாந்து அங்கே போகவே இல்லை.