இழுப்பார்கள் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை

இடுப்பு மூட்டுக்குள் கமெரா விட்டுச் செய்யும் ஆர்த்ரோஸ்கோப்பியை இரண்டு முறை செய்துகொண்டவன் நான். முதலில் வலது பக்கம், பதினாறு மாதம் கழித்து இடது பக்கம். இரண்டும் கொழும்பில், வெவ்வேறு தனியார் மருத்துவமனைகளில், வெவ்வேறு டொக்டர்கள் செய்தவை. இருபது வருடம் திருகோணமலை ஏகாம்பரம் மைதானத்தில் பந்து உதைத்ததன் பலன்: தொடை எலும்பின் கழுத்தில் மேடு தட்டி, அது குழியின் விளிம்பில் முட்டி, விளிம்புக் குருத்தெலும்பு கிழிந்துவிட்டது.

முதல் பயணமே வீண். இடுப்பை மடித்து உட்கார்ந்தால்தான் எனக்கு வலி அதிகம். அப்படியே ஏறத்தாழ 260 கிலோமீற்றர் இரவு பஸ்ஸில் போனேன். காலை ஏழு மணிக்குக் கண்ணாடித் தடுப்புக்குள் இருந்த எழுதுநர் என் எம்.ஆர்.ஐ. அறிக்கையை ஒரு விரலால் திருப்பித் தள்ளினார். "சீடி எங்கே?" சீடி ஓர்ஸ் ஹில்லில், எங்கள் வீட்டு அலுமாரியின் மேல் இருந்தது. அறிக்கையில் எல்லாம் எழுதியிருக்கிறதே என்றேன். அவர் எனக்குப் பின்னால் நின்றவரின் இலக்கத்தைக் கூப்பிட்டார். அன்றிரவே திரும்பினேன். எழுதப்பட்ட அறிக்கை மட்டும் போதாது. படத்தை டொக்டர் தன் கண்ணால் பார்க்க வேண்டும். சீடியையும் நின்றபடி எடுத்த எக்ஸ்ரேயையும் கிளினிக் கொப்பியோடு ஒரே பையில் போட்டு வையுங்கள்.

பணம், இரத்தப் பரிசோதனை, மயக்க மருந்து டொக்டரின் சம்மதம் எல்லாம் சிக்கலின்றி முடிந்தன. சம்மதப் படிவம் ஆங்கிலத்தில் இரண்டு பக்கம். தாதி காட்டிய இடத்தில் கையொப்பமிட்டேன். அந்தப் படிவத்தில் ஒரு வரியில் இருந்த சொல்தான் 'இழுவை'. அதை நான் அன்று வாசிக்கவே இல்லை.

தொடை எலும்பின் உருண்டை குழிக்குள் உறிஞ்சிப் பிடித்ததுபோல் உட்கார்ந்திருக்கிறது. கமெரா நுழைய ஏறக்குறைய 1 சென்ரிமீற்றர் இடைவெளி வேண்டும். அதற்காகப் பாதத்தில் சப்பாத்து மாட்டி, மேசையோடு பொருத்திய பொறியால் காலை இழுக்கிறார்கள். உடம்பும் சேர்ந்து வழுக்கி வராமல் தடுக்க, கவட்டில் பஞ்சு சுற்றிய ஒரு கம்பத்தை நிறுத்துகிறார்கள். காலை எவ்வளவு பலமாக இழுக்கிறார்களோ, அவ்வளவு பலமாகக் கம்பம் கவட்டை நெரிக்கிறது. அங்கேதான் பிறப்புறுப்புப் பகுதிக்கு உணர்வு தரும் புடெண்டல் நரம்பு ஓடுகிறது.

மயக்கம் தெளிந்த மாலையில் சிறுநீர் கழிக்கப் போனபோது தெரிந்தது: அந்த இடத்தில் உணர்வே இல்லை. தாதி வந்து கேட்டபோது, "கால் கொஞ்சம் மரத்திருக்கிறது, மிஸ்" என்றேன். அவர் பாதத்தைத் தட்டிப் பார்த்தார், விரல்களை அசைக்கச் சொன்னார், எல்லாம் சரி என்று எழுதிவிட்டுப் போனார். பிழை அவருடையதல்ல. நாற்பது வயதுக்காரன் வெட்கத்தில் பொய் சொன்னால் அவர் என்ன செய்வார்?

ஊன்றுகோலோடு வீட்டுக்கு வந்து மூன்று வாரம் வாயைத் திறக்கவில்லை. மனைவிதான் கண்டுபிடித்தாள். "என்னப்பா, இதையா மறைத்தீர்கள்?" என்று தொலைபேசியை எடுத்து, நான் சொல்லக் கூசிய சொற்களையெல்லாம் மருத்துவமனைத் தாதியிடம் பச்சையாகச் சொன்னாள். டொக்டரே திருப்பி அழைத்தார். நரம்பு நசுங்கியிருக்கிறது, அறுபடவில்லை, பெரும்பாலும் தானாகத் திரும்பும் என்றார். திரும்பியது, ஆனால் பத்து வாரம் எடுத்தது. அந்தப் பத்து வாரம் நான் எப்படி இருந்தேன் என்பதை இங்கே எழுதப் போவதில்லை. தொடையின் வெளிப்பக்கமும் சிலருக்கு மரக்கும். அது பெரும்பாலும் துளையிடும் வழியில் உள்ள தோல் நரம்பால் வருவது, கம்பம் நெரிப்பதால் அல்ல. இரண்டையும் குழப்பாமல் எந்த இடம் என்று தெளிவாகச் சொல்லுங்கள்.

இடது பக்கத்துக்கு வேறு டொக்டரிடம் போனபோது, சீடியை மேசையில் வைக்கும் முன்பே கேட்டேன்: "கம்பம் வைப்பீர்களா?"

அவர் சிரித்துவிட்டு, வைப்பதில்லை என்றார். முதுகின் கீழ் வழுக்காத தடித்த நுரை மெத்தை. மேசையைத் தலைப்பக்கம் தாழ்த்திச் சரிப்பது. உடம்பின் பாரமும் மெத்தையின் பிடியுமே இழுவையை எதிர்த்து நிற்கும். கவட்டில் எதுவும் இருக்காது. ஆனால் சப்பாத்தும் இழுவையும் இதிலும் உண்டு, கணுக்காலும் மற்ற நரம்புகளும் கவனிக்கப்பட வேண்டியவைதான் என்றும் சொன்னார். கம்பம் வைப்பவர்களை அவர் குறை சொல்லவுமில்லை. கம்பம் தடிப்பாக, நடுவிலிருந்து அறுவை நடக்கும் பக்கமாகச் சற்று ஒதுங்கி இருந்தால், தசையைத் தளர்த்தும் மருந்து நன்றாக வேலை செய்தால், ஊசியால் மூட்டுக்குள் காற்றை விட்டு உறிஞ்சலை உடைத்த பிறகு இழுத்தால், நேரத்தை இரண்டு மணிக்குள் அடக்கினால் அதிலும் ஆபத்துக் குறையும் என்றார். அந்த நாலில் எத்தனை எனக்கு முதல் தடவை நடந்தது என்று யாரிடம் கேட்பது? சத்திரசிகிச்சைக் குறிப்பின் பிரதியைக் கேட்டு வாங்கியபோது ஒன்று மட்டும் தெரிந்தது: இழுவை 110 நிமிடம். இந்த முறை 55.

பிரதியை வாங்குவது லேசான காரியமல்ல. முதல் மருத்துவமனையின் பதிவேட்டுப் பகுதியில் மதியம் வரை காத்திருந்து, அடையாள அட்டையின் நகலில் கையொப்பமிட்டுத்தான் வாங்கினேன். வீடு திரும்புமுன்பே கேட்டிருந்தால் பத்து நிமிட வேலை.

இரண்டாவது சத்திரசிகிச்சை நாளன்று காலையில், சத்திரசிகிச்சைக்கூடத்தில் ஓர் உதவியாளர் வெறும் மேசையில் நுரை மெத்தையை விரித்து, ஓரங்களை உள்ளங்கையால் அழுத்தித் தடவிக்கொண்டிருந்தார். சுருக்கம் இருந்தால் முதுகுத் தோல் உரியும் என்றார். மேசையின் நடுவைப் பார்த்தேன். கம்பம் இல்லை. முகமூடியை வைத்தார்கள்.

கண் விழித்ததும் போர்வைக்குள் கையை விட்டுக் கிள்ளிப் பார்த்தேன். நன்றாகவே கிள்ளிவிட்டேன் போலிருக்கிறது. அடுத்த கட்டில் ஐயா தலையைத் தூக்கி, "தம்பி, வலிக்கிறதா?" என்றார்.

"வலிக்கிறது ஐயா, நன்றாக வலிக்கிறது" என்றேன். அவர் மணியை அழுத்தித் தாதியைக் கூப்பிட்டுவிட்டார்.