பாதுகாப்பு அறிக்கை சாதகமாக இல்லை என்று கடிதம் வந்தால்

அரசாங்க வேலைக்கான பரீட்சை, நேர்முகம், மருத்துவச் சான்றிதழ் எல்லாம் சிக்கலில்லாமல் முடிந்தன. தெரிவுப் பட்டியலில் பெயரும் வந்தது. அப்புறம் ஒரு பதிவுத் தபால். பாதுகாப்புப் பரிசீலனை அறிக்கை சாதகமாக இல்லாததால் நியமனம் வழங்க முடியாதாம். யார் தந்த அறிக்கை, நான் என்ன செய்தேன் என்று ஒரு சொல் இல்லை. வன்னியில், எங்கள் மல்லாவியில் இப்படி ஒரு கடிதம் வந்தால் வேலை மட்டும் போகாது, "அந்தப் பிள்ளையில ஏதோ பிரச்சினையாம்" என்ற கதையும் ஊருக்குள் வந்துவிடும். அம்மா கடிதத்தை அலுமாரியில் வைத்துப் பூட்டினார்.

உங்களுக்கும் இப்படி வந்தால் முதலில் தபால் உறையைப் பத்திரப்படுத்துங்கள். எனக்கு வந்த கடிதத்தில் இருந்த திகதிக்கும் உறையில் இருந்த முத்திரைக்கும் நடுவில் வாரங்கள் ஓடியிருந்தன. அடிப்படை உரிமை மீறல் என்று உயர் நீதிமன்றம் போக இலங்கை அரசியலமைப்பின் 126ஆம் உறுப்புரை ஒரு மாதம்தான் தருகிறது. அந்த மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறைப்பாடு கொடுத்தால், விசாரணை நடக்கும் காலம் அந்த ஒரு மாதக் கணக்கில் சேராது. இதை எனக்குச் சொன்னவர் வவுனியாவில் பஸ்ஸில் பக்கத்தில் இருந்த ஒரு ஆசிரியை. கடிதம் அனுப்பிய கந்தோரில் ஒருவரும் சொல்லவில்லை.

கந்தோரில் கிடைத்தது வேறு. "பிள்ளை, இது மேலிடத்து முடிவு. எங்களிட்ட ஒண்டும் இல்லை" என்றார் எழுதுவினைஞர், முகத்தைக்கூட நிமிர்த்தாமல். இன்னொருவர் வந்து, விண்ணப்பத்தில் நான் எழுதிய பழைய முகவரிகள்தான் காரணமாக இருக்கும் என்றார். இருந்த இடங்களையெல்லாம் எழுதச் சொல்லி இரண்டு வரிப் பெட்டி தந்திருந்தார்கள். 2008இல் போருக்குள் மல்லாவியை விட்டு வெளிக்கிட்டு தருமபுரம், விசுவமடு, புதுக்குடியிருப்பு, முள்ளிவாய்க்கால், பிறகு செட்டிகுளம் முகாம் என்று அலைந்த ஒரு பள்ளிக்கூடப் பிள்ளை அதை எப்படி இரண்டு வரியில் எழுதுவது? தனித்தாளில் எழுதி இணைத்திருந்தேன். வன்னியில் என் வயதுக்காரர் எல்லோருக்கும் இதே முகவரிகள்தான். அதைக் குற்றம்போலச் சொன்னது இன்றைக்கும் வலிக்கிறது.

அவர் பேச்சை நம்பி கிராம அலுவலரிடம் வதிவிடக் கடிதம் வாங்கி, பிரதேச செயலாளரின் கையொப்பமும் வைத்துக் கொண்டுபோனேன். அது தேவையில்லை என்று திருப்பிவிட்டார்கள். பொலிஸ் நிலையத்தில் கேட்டால், தாங்கள் எனக்கு எதிராக ஒன்றும் எழுதவில்லை என்றார்கள். அங்கே வாக்குமூலத்தைச் சிங்களத்தில் எழுதிக் கையொப்பமிடச் சொன்னார்கள். தமிழில் எழுதித் தந்தால்தான் வைப்பேன் என்று நின்றேன். அரை நாள் போனது, ஆனால் தமிழில் எழுதினார்கள். விளங்காத தாளில் ஒருபோதும் கையொப்பம் வைக்காதீர்கள்.

கதவைத் திறந்தது 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம். இதில் கேள்வியை எப்படிக் கேட்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. "ஏன் நிராகரித்தீர்கள்" என்று கேட்டால் தேசியப் பாதுகாப்பு என்று ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். நான் கேட்டவை இவைதான்: அறிக்கை கோரி நீங்கள் அனுப்பிய கடிதத்தில் என்னைப் பற்றிய பகுதி, வந்த பதிலில் என் பெயருக்கு நேரே இருக்கும் அடையாள அட்டை இலக்கம், எந்தச் சுற்றறிக்கையின்படி முடிவெடுத்தீர்கள் என்ற விவரம். எதற்காகக் கேட்கிறோம் என்று சொல்லத் தேவையில்லை. விண்ணப்பத்தைக் கையில் வாங்க மறுத்தார்கள், பதிவுத் தபாலில் அனுப்பினேன். 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். முதல் பதில் மறுப்புத்தான். அதே நிறுவனத்தில் மேன்முறையீட்டைக் கேட்கும் அலுவலருக்கு, கொடுக்கக்கூடாத பகுதியை மறைத்துவிட்டு மிச்சத்தைத் தரலாம் என்று சட்டத்திலேயே இருக்கிறது என எழுதினேன். மறுப்பு வந்த 14 நாட்களுக்குள் இதை அனுப்பிவிட வேண்டும்.

கடைசியில் ஒரு பிரதி வந்தது. முக்கால்வாசி கறுப்பு மை. நடுவில் என் பெயர், பக்கத்தில் ஒரு இலக்கம். அது என்னுடையது இல்லை.

பழைய அடையாள அட்டையில் முதல் இரண்டு இலக்கங்கள் பிறந்த ஆண்டு, அடுத்த மூன்றும் அந்த ஆண்டில் எத்தனையாவது நாள் என்பது. பெண்களுக்கு அதோடு 500 கூட்டுவார்கள். என்னுடையதில் அந்த மூன்றும் ஐந்நூறைத் தாண்டும். பிரதியில் இருந்ததோ இருநூற்றுச் சொச்சம். அது ஒரு ஆண்! என் பெயர் இரு பாலாருக்கும் வைக்கிற பெயர், முதலெழுத்தும் பொருந்திவிட்டது. இலக்கத்தைப் பார்க்காமல் பெயரை மட்டும் பார்த்து என் வாழ்க்கையில் கோடு போட்டிருக்கிறார்கள். அட்டையின் பிரதியையும் பிறப்புச் சான்றிதழையும் இணைத்து, இரண்டு இலக்கங்களையும் ஒன்றின்கீழ் ஒன்றாக எழுதி அனுப்பினேன். மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கும் ஒரு பிரதி. புதிய அறிக்கை கேட்டார்கள், அது சாதகமாக வந்தது. நியமனக் கடிதம் இப்போது கையில் இருக்கிறது.

அந்த மற்ற மனிதரை நினைக்கிறேன். அவர் முன்னாள் போராளியாக இருந்து, அரசின் புனர்வாழ்வு முடித்து வந்தவராகக்கூட இருக்கலாம். அப்படியென்றால் அவருக்கும் இந்த அறிக்கையைக் காட்டி வேலை மறுக்கக்கூடாது. என் இலக்கம் பிழை என்று நிரூபிக்க முடிந்தது. இலக்கம் சரியாக இருக்கிறவர் எதைக் காட்டுவார்?

என் நியமனத் திகதி இன்னும் சரியில்லை. என்னோடு தெரிவானவர்கள் முன்பே கடமையேற்றுவிட்டதால் சேவை மூப்பில் நான் பின்னால் நிற்கிறேன். திகதியைப் பின்னோக்கி மாற்றக் கேட்டு மேன்முறையீடு போட்டிருக்கிறேன், உறையையும் அதோடு இணைத்து.