கொப்பியில் விடுபட்ட நாட்கள்

சிறுவர் வாட்டில் வேலை பார்க்கும் தாதிகளுக்கு விடியற்காலையில் பிள்ளைகளின் கண்ணிமையைப் பார்க்கும் பழக்கம் தானாக வந்துவிடும். நெஃப்ரோட்டிக் சின்ட்ரோம் உள்ள பிள்ளைக்கு வீக்கம் முதலில் தெரிவது அங்கேதான். பொழுது ஏற ஏற அது வடிந்துவிடும். அதனால் பல வீடுகளில் "தூக்கம் பத்தல", "ஏதோ பூச்சி கடிச்சிருக்கு" என்று சொல்லிச் சொல்லியே நாள் போய்விடுகிறது. அப்புறம் வயிறு உப்பும், செருப்பின் வார் காலில் பதியும், சிறுநீர் நுரைத்துக்கொண்டு போகும். அப்போதுதான் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடி வருவார்கள்.

சிறுநீரகத்தின் வடிகட்டி கசிந்து, இரத்தத்தில் இருக்க வேண்டிய புரதம் சிறுநீரோடு வெளியேறுவதுதான் இந்த நோய். புரதம் குறைந்தால் நீர் இரத்தக் குழாய்க்குள் நிற்காது, உடம்பெல்லாம் தேங்கும். இரண்டு வயதுக்கும் ஆறு வயதுக்கும் இடையில்தான் கூடுதலாகத் தொடங்கும். பெண் பிள்ளைகளைவிட ஆண் பிள்ளைகளுக்கு ஏறத்தாழ இரண்டு மடங்கு வரும். பெரும்பாலானவர்களுக்கு ஏன் வந்தது என்று காரணம் காட்ட முடியாது. இதைத் தாய்மாரிடம் நான் முதல் நாளே சொல்லிவிடுவேன். இல்லாவிட்டால் கர்ப்பத்தில் எதைச் சாப்பிட்டேன், எந்தத் தண்ணீரைக் கொடுத்தேன் என்று அந்தப் பெண் தன்னையே குடைந்துகொண்டிருப்பாள். கூடவே மாமியார் வீட்டிலும் யாராவது அதே கேள்வியை வேறு விதமாகக் கேட்டிருப்பார்கள்.

மருந்து பழையது, மலிவானது, நம்பத்தக்கது. பிரெட்னிசொலோன் என்ற ஸ்டெரொய்ட் குளிசை. பத்துப் பிள்ளைகளில் எட்டு ஒன்பது பேருக்கு நான்கு கிழமைக்குள் புரதம் போவது நின்றுவிடும். வீக்கம் வடிந்து, எலும்பும் தோலுமாகத் தெரியும் தன் பிள்ளையைப் பார்த்து அழுகிற தாயை எங்கள் வாட்டில் அடிக்கடி காணலாம். ஆனால் குணமான பிள்ளைகளில் பெரும்பாலானோருக்கு அது ஒரு தடவையாவது திரும்பி வரும். ஒரு தடிமன் போதும், ஒரு காய்ச்சல் போதும். பதின்ம வயது முடிவதற்குள் அனேகருக்கு நின்றுவிடும் என்பது உண்மைதான். ஆனால் மூன்று வயதுப் பிள்ளையை மடியில் வைத்திருப்பவருக்கு அது எவ்வளவு தூரத்தில் இருக்கிற நாள்!

ஆகவே இந்த நோய் ஆஸ்பத்திரியில் நடப்பது கொஞ்சக் காலம், வீட்டில் நடப்பது பல வருடம். நாங்கள் வீட்டுக்கு அனுப்பும்போது கையில் கொடுப்பது குளிசையும் ஒரு கொப்பியும். தினமும் காலையில் முதல் சிறுநீரைச் சோதித்து அந்தக் கொப்பியில் எழுத வேண்டும். சிறுநீரில் நனைத்துப் பார்க்கும் சோதனைப் பட்டி வாங்க வசதியுள்ளவர்கள் பட்டியில் பார்ப்பார்கள். மற்றவர்களுக்குப் பழைய முறை. கண்ணாடிக் குழாயில் சிறுநீரை எடுத்து, மேல் பகுதியை மட்டும் சுவாலையில் காட்டிச் சூடாக்க வேண்டும். கலங்கினால் சில துளி வினாகிரி விட வேண்டும். அதற்குப் பிறகும் கலங்கல் தெளியாவிட்டால் புரதம் போகிறது. இலேசான கலங்கல் என்றால் பயமில்லை. கட்டி கட்டியாகத் திரைந்தால் மூன்று பிளஸ், அதற்கும் மேல். மூன்று நாள் தொடர்ந்து அப்படியிருந்தால் நோய் திரும்பிவிட்டது என்று அர்த்தம், அடுத்த கிளினிக் திகதியைப் பார்த்துக்கொண்டிருக்காமல் வர வேண்டும். மூன்று நாள் தொடர்ந்து தெளிவாக இருந்தால் அடங்கிவிட்டது.

எழுத்தில் இது சுலபம். ஆறு பேர் ஒரே அறையில் படுக்கிற வீட்டில், ஐந்து மணிக்குப் பொதுக் குழாயில் தண்ணீர் பிடிக்கப் போக வேண்டிய வீட்டில், ஒரே அடுப்பில் பெரிய பிள்ளையின் பாடசாலைச் சாப்பாடும் கணவரின் தேத்தண்ணியும் ஆக வேண்டிய வீட்டில், மூன்று வயதுக்காரனை எழுப்பிக் கோப்பையில் சிறுநீர் பிடித்துச் சோதிப்பது சுலபமல்ல. கொழும்பின் மட்டக்குளியிலும் கிராண்ட்பாஸிலும் மாளிகாவத்தையிலும் உள்ள, தோட்டம் என்று சொல்கிற நெருக்கமான குடியிருப்புகளில் இருந்து வருகிறவர்கள் எங்களுக்கு நிறைய. ஹற்றனில் இருந்தும் மட்டக்களப்பில் இருந்தும் அனுப்பப்பட்டு வருகிறவர்களும் உண்டு. கொழும்பில் சொந்தக்காரர் இல்லாவிட்டால் அவர்களுக்கு அது இன்னொரு பாடு.

கிளினிக் நாளில் முதலில் என் கைக்குத்தான் கொப்பி வரும். மருத்துவர் பார்ப்பது பிளஸ் குறிகளை. நான் விடுபட்ட நாட்களையும் பார்ப்பேன். ஒரே பேனையில், ஒரே அழுத்தத்தில், முப்பது நாளும் "இல்லை, இல்லை" என்று இருந்தால் அது பெரும்பாலும் கிளினிக்குக்கு வரும் பஸ்ஸில் எழுதியது. அதற்காக நான் கோபப்படுவதில்லை. வசை கிடைக்கும் என்ற பயம் இருக்கிற இடத்தில் மனிதர் அப்படித்தான் எழுதுவார்கள். விட்டுப்போன நாட்களை வெறுமையாகவே விட்டுவிட்டு வருகிற தாய் எனக்கு மிகவும் உதவி செய்கிறாள். அந்த வெற்றிடம் எதையோ சொல்கிறது. "ஏன் செய்யல?" என்று கேட்டால் தலை குனிந்துவிடும். "இந்தக் கிழமை வீட்டுல உங்களோட யார் இருந்தாங்க?" என்று கேட்டால் வாய் திறக்கும்.

அப்படித் திறந்த ஒரு வாயிலிருந்துதான் இந்த வேலையில் முக்கியமான ஒன்றை அறிந்தேன். மட்டக்குளிப் பக்கத்துக் குடும்பம். தகப்பன் புறக்கோட்டையில் நாட்டாமை வேலை, மூட்டை தூக்கினால் அன்றைக்குக் காசு. தாய் பக்கத்து வீடுகளில் சமையலுக்குப் போனவர், மகனுக்கு நோய் வந்த பிறகு நின்றுவிட்டார். மூத்த மகள் நாலாம் வகுப்பு. கொப்பியில் பதினைந்து நாள் வெறுமை, அதற்கு முன்னும் பின்னும் அழகான வட்ட எழுத்து. கேட்டேன்.

"மிஸ், எனக்கு எழுத வராது. மகதான் பார்த்து எழுதுவா. அவவுக்குப் பரீட்சை வந்திச்சு, அம்மாச்சி வீட்டுல நின்னா. நான் சூடாக்கிப் பார்த்தேன், தெளிவாத்தான் இருந்திச்சு. ஆனா எழுதத் தெரியல."

அந்த வீட்டின் மருத்துவப் பொறுப்பில் பாதி ஒன்பது வயதுப் பெண்பிள்ளையிடம் இருந்தது. காலையில் தம்பியின் சிறுநீரைச் சோதித்துவிட்டுத்தான் அவள் பாடசாலைக்குப் போகிறாள். தகப்பனுக்கு அந்தச் சோதனை எப்படி என்றே தெரியாது. அவரைக் குறை சொல்ல முடியாது, நாங்கள் அவருக்குக் கற்றுக்கொடுக்கவேயில்லை. வாட்டில் பிள்ளையோடு தங்க ஒருவருக்குத்தான் அனுமதி, அதுவும் தாய். அறிவுரை அத்தனையும் அந்த ஒருவரின் காதுக்கே போகிறது. கட்டிலுக்குப் பக்கத்துக் கதிரையில் நாள்கணக்காகத் தூங்காமல் இருந்த பெண்ணிடம், டிக்கட் வெட்டி வீட்டுக்கு அனுப்புகிற அன்று, பத்து நிமிடத்தில் எல்லாவற்றையும் சொல்லி அனுப்புகிறோம். இந்த ஏற்பாடு சரியில்லை என்று நான் உறுதியாக நினைக்கிறேன். பெரும்பாலான வாட்டுகளில் இன்னும் இதுதான் நடக்கிறது.

மொழியும் இதில் சேர்கிறது. அரசியலமைப்பின் 13ஆவது திருத்தத்தோடு 1987இல் தமிழும் இலங்கையின் அரச கரும மொழியானது. ஆனால் இரவு இரண்டு மணிக்கு வாட்டில் யார் கடமையில் இருக்கிறார்கள் என்பதைப் பொறுத்துத்தான் ஒரு தாய்க்குப் புரிவதும் புரியாமல் போவதும். சிங்களத்தில் சொன்னால் கொழும்புத் தாய்மார் தலையாட்டுவார்கள், கடைத்தெருவுக்குப் போதுமான சிங்களம் அவர்களிடம் உண்டு. "குளிசையைத் திடீரென நிறுத்தக் கூடாது, உடம்பு தனக்கு வேண்டிய ஸ்டெரொய்டைத் தானாகச் சுரப்பதை மறந்திருக்கும், ஆபத்து" என்பதை அந்தச் சிங்களத்தால் வாங்கிக்கொள்ள முடியாது. என் சிங்கள சகோதரத் தாதிகள் இதை நன்றாகப் புரிந்தவர்கள். "அக்கே, இவங்களுக்கு நீங்க சொல்லுங்க" என்று கையைப் பிடித்து இழுத்துப் போவார்கள். அந்த நேரத்தில் மற்றக் கட்டிலில் என் வேலையை அவர்கள் பார்ப்பார்கள்.

குளிசையை நிறுத்துவதற்கு வீட்டில் காரணங்கள் நிறைய. பிள்ளையின் முகம் உருண்டுவிடும், கன்னத்தில் மெல்லிய முடி வரும். காலையில் ஏழு குளிசை வரை விழுங்குகிற சின்ன உடம்பு அது. பசி அடங்காது. நடு இரவில் எழும்பிச் சோறு கேட்டு அழுகிற பிள்ளைக்குப் பழையதைப் பிசைந்து ஊட்டுகிற தாய்மார் எத்தனையோ பேர். கோபமும் பிடிவாதமும் கூடும். இதையெல்லாம் முன்கூட்டியே சொன்னால், "மருந்து வேலை செய்யுது" என்று ஏற்றுக்கொள்கிறார்கள். சொல்லாவிட்டால், "ஸ்டெரொய்ட் குடுத்துக் கெடுத்துட்டாங்க" என்று அயலில் ஒருவர் சொல்வதே மனதில் நிற்கும். பிறகு பொல்பளா அவித்த தண்ணீர், நீர்முள்ளிக் கஷாயம் என்று தொடங்கும்.

அதைச் செய்கிறவர் பெரும்பாலும் பாட்டிதான். பாட்டிமாரைத் திட்டி அனுப்புவதை நான் விரும்புவதில்லை. அவர்தான் பிள்ளையைப் பகலில் பார்த்துக்கொள்கிறவர், அவர்தான் சமைக்கிறவர். உப்புக் குறைக்க வேண்டும் என்பதை மருமகளிடம் சொன்னால் அந்த வீட்டில் நடக்காது, மாமியாரிடம் சொன்னால் நடக்கும். "கருவாடு, மாசிச் சம்பல், அப்பளம், ஊறுகாய், டின் மீன், கடை ரோல்ஸ், பக்கெட் நூடுல்ஸ் வேண்டாம்" என்று பொருள் பெயரோடு சொல்ல வேண்டும். வெறுமனே "உப்பைக் குறையுங்கள்" என்றால் கறியில் ஒரு சிட்டிகை குறையும், கருவாடு அப்படியே இருக்கும். பிள்ளைக்குத் தனிச்சட்டி வைக்கச் சொல்வதும் எனக்குப் பிடிக்காது. எல்லோருக்கும் உப்புக் குறைத்துச் சமைத்துவிட்டு, வேண்டியவர் தட்டில் போட்டுக்கொள்ளட்டும். பிள்ளை தன்னைப் பிரித்து வைத்திருக்கிறார்கள் என்று நினைக்கக் கூடாது.

பிரித்து வைப்பது வெளியில் ஏற்கெனவே நடக்கிறது. அந்த மட்டக்குளிப் பையனை ஒரு நேர்சரியில், முகம் வீங்கியிருக்கிறது, கூகைக்கட்டாக இருக்கலாம், மற்றப் பிள்ளைகளுக்குத் தொற்றும் என்று திருப்பி அனுப்பியிருந்தார்கள். இது தொற்றாது. உண்மையில் அவனுக்குத்தான் மற்றப் பிள்ளைகளிடமிருந்து தொற்றுகிற பயம். இந்த மருந்தில் இருக்கும் பிள்ளைக்கு அம்மாள் வருத்தம், அதாவது சின்னம்மை, வந்தால் உயிருக்கே ஆபத்தாகலாம், அம்மாள் போட்ட பிள்ளையோடு விளையாடியது தெரிந்தாலே உடனே கொண்டு வர வேண்டும். எங்கள் வைத்தியர் ஒரு கடிதம் தந்தார், நான் அதைத் தமிழில் எழுதிக் கொடுத்தேன். ஆசிரியை படித்துவிட்டுச் சேர்த்துக்கொண்டார், யாருக்காவது கொப்புளம் போட்டால் தாய்க்கு அறிவிப்பதாகவும் சொன்னார். நல்ல மனுசி, தெரியாமல்தான் செய்திருக்கிறார்.

2022ஐப் பற்றியும் சொல்ல வேண்டும். அந்த வருடம் நாட்டில் மருந்துத் தட்டுப்பாடு, எரிபொருள் வரிசை. வழக்கமாக ஹெட்டியாவத்தையிலிருந்து 176 பஸ்ஸில் பொரளைக்கு வந்து இறங்குகிறவர்கள், பஸ்ஸே இல்லாமல் வீக்கம் பிடித்த பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பாதித் தூரம் நடந்து வந்தார்கள். அடுப்புக்கு எரிவாயு இல்லாத வீட்டில் சிறுநீர்ச் சோதனைக்கு மெழுகுவர்த்திச் சுடர் பிடித்தார்கள். அந்த மாதங்களின் கொப்பிகளில் விடுபட்ட நாட்கள் குறைவு என்பது என்னை இன்றும் வியக்க வைக்கிறது. பயம் அதிகமாக இருந்ததால் வீட்டில் எல்லோரும் சேர்ந்து பார்த்திருக்கிறார்கள்.

மூத்த மகளின் கதையைக் கேட்ட பிறகு, வாட்டுக்குப் பொறுப்பான சிஸ்டரிடம் பேசினோம். அவர் மறுக்கவில்லை. இப்போது டிக்கட் வெட்டுவதற்கு முதல் நாள் மதியம், பார்வையாளர் நேரத்தில், தகப்பனோ மாமாவோ பாட்டியோ வரச் சொல்கிறோம். வந்தவர் கையாலேயே குழாயைப் பிடித்துச் சூடாக்கிக் காட்ட வேண்டும், தாய் பார்த்துக்கொண்டிருப்பார். எழுதத் தெரியாதவருக்கு எழுத்து வேண்டாம். தெளிவென்றால் வெறும் வட்டம், கலங்கினால் வட்டத்தில் பாதி கறுப்பு, திரைந்தால் முழுக்கக் கறுப்பு. சோதிக்காத நாளுக்குக் கோடு, அதற்கு வசை இல்லை. கூலி வேலைக்காரத் தகப்பனுக்கு அரை நாள் சம்பளம் போகிறது, அதை நாங்கள் ஈடுசெய்ய முடியாது. என்றாலும் பலர் வருகிறார்கள். முதலில் கூச்சத்தோடு நிற்பார்கள், குழாயைத் தொட்டதும் கவனம் வந்துவிடும். வராதவர்களும் உண்டு. சிலர் வெளிநாட்டில், சிலர் குடியில், சிலர் விட்டுப் போனவர்கள். அந்த வீடுகளுக்கு வேறு யாரைப் பிடிப்பது என்று தாயிடமே கேட்போம். ஒரு தடவை அடுத்த வீட்டு முஸ்லிம் குடும்பத்திலிருந்து ஒருவர் வந்து கற்றுக்கொண்டு போனார்.

மட்டக்குளித் தகப்பன் ஒரு சனிக்கிழமை வந்தார். தோளில் மூட்டை தூக்கிய காய்ப்பு, அந்தக் கையில் மெல்லிய குழாயை உடைந்துவிடுமோ என்று இரண்டு விரலால் பிடித்திருந்தார். அதன் பிறகு காலைச் சோதனை அவருடையது. மூன்றரை மணிக்கே எழும்புகிற மனிதர், மகனை அவரே எழுப்பி முடித்துவிட்டுத்தான் புறக்கோட்டைக்குப் போகிறார். மகள் இப்போது பரீட்சைக்குப் படிக்கிறாள். தாய் மறுபடி ஒரு வீட்டில் சமையலுக்குப் போகத் தொடங்கியிருக்கிறார்.

கடைசியாக வந்த கிளினிக்கில் கொப்பி முழுக்க வெறும் வட்டம், நடுவில் இரண்டு கோடு. அந்த இரண்டு நாளும் துறைமுகத்தில் இரவு வேலை என்று அவரே சொன்னார். வைத்தியர் குளிசையை இன்னும் குறைத்து எழுதினார். எழும்பப் போன தகப்பன் திரும்ப உட்கார்ந்து, பிள்ளையின் வளர்ச்சிப் பதிவேட்டை விரித்து, மூன்று வயதில் போட வேண்டிய எம்.எம்.ஆர். தடுப்பூசி குளிசையால் தள்ளிப்போயிருக்கிறதே, அதை எப்போது போடலாம் என்று கேட்டார். குளிசை முழுவதும் முடிந்து சில கிழமை கழித்துத்தான், திகதியை அப்போது சொல்கிறோம் என்றோம். அந்தப் பக்கத்தின் மூலையை மடித்து வைத்துக்கொண்டார்.