தேக்காவில் 147 எப்போது வரும்? பைத்தானில் செய்து பார்த்தது

சிங்கப்பூரின் தேக்கா நிறுத்தத்தில் 147ஆம் எண் பேருந்துக்காகக் காத்திருக்கும்போது செயலியில் "3 நிமிடம்" என்று வரும். அந்த 3 எங்கிருந்து வருகிறது என்று பார்க்கும் ஆசையில்தான் இதில் இறங்கினேன்.

சிங்கப்பூர் நிலப் போக்குவரத்து ஆணையம் டேட்டாமால் என்ற தன் இணையத்தளம் வழியாகத் தரவை இலவசமாகவே தருகிறது. பதிவு செய்து சாவி (தரவைக் கேட்க உதவும் ரகசிய எண்) வாங்கிக்கொண்டு, ஐந்து இலக்க நிறுத்த எண்ணைக் கொடுத்தால், ஒவ்வொரு சேவைக்கும் அடுத்த மூன்று வண்டிகளின் விவரம் ஜேசன் என்ற தரவு வடிவத்தில் வந்துவிடும். பைத்தான் நிரல்மொழியில் பத்துப் பதினைந்து வரிதான். நிறுத்தங்களின் முழுப் பட்டியல் மட்டும் ஒரு முறைக்கு 500 நிறுத்தங்களாகத்தான் கிடைக்கும்.

முதலில் மாட்டிக்கொண்டது நேரத்தில். வருகை நேரம் +08:00 என்ற வாலோடு வருகிறது; அது சிங்கப்பூரின் நேர மண்டலம். நான் பைத்தானின் டேட்டைம் நவ் தரும் வெறும் இப்போதைய நேரத்தை எடுத்துக் கழிக்கப் பார்த்தேன், டைப் எரர் என்று பிழை வந்தது. நேர மண்டலம் உள்ளதையும் இல்லாததையும் பைத்தான் கழிக்க விடாது. நேர மண்டலங்களுக்கான ஸோன்இன்ஃபோ என்ற பைத்தான் தொகுதியில் சிங்கப்பூரைக் கொடுத்ததும் சரியாகிவிட்டது.

அப்புறம் வண்டிகளை வரைபடத்தில் போட்டேன். சில புள்ளிகள் ஆப்பிரிக்காவை ஒட்டி, கினி வளைகுடாவில் போய் விழுந்தன! அட்சரேகை, தீர்க்கரேகை இரண்டுமே பூஜ்யம். மானிட்டர்டு என்ற புலத்தைப் பார்த்தபோதுதான் விளங்கியது: 1 என்றால் வண்டி இருக்கும் இடத்தை வைத்துக் கணித்த நேரம், 0 என்றால் கால அட்டவணையில் உள்ள நேரம். இரண்டையும் ஒரே "3 நிமிடம்" ஆக்கிக் காட்டுவது பயணிக்கு நியாயமில்லை என்றே நினைக்கிறேன். என் திரையில் 0 வந்தால் எண் சாம்பல் நிறமாகிவிடும்.

அரை நிமிடத்துக்கு ஒரு முறை தரவை வாங்கி எஸ்க்யூலைட் என்ற சிறு தரவுத்தளத்தில் சேர்க்கிறேன். ஆனால் இதில் வருவதெல்லாம் கணிப்புதான். வண்டி உண்மையில் வந்த நேரம் எங்கும் இல்லை. அதை நாமே பிடிக்க வேண்டும். முதல் இடத்தில் இருந்த நேரம் சட்டென்று பல நிமிடம் தள்ளித் தாவினால் வண்டி போய்விட்டது என்று வைத்தேன். நெரிசலில் கணிப்பே மாறினாலும் இப்படித் தாவும் என்பதால், இரண்டாவதாக இருந்த வண்டிதான் முதலிடத்துக்கு வந்திருக்கிறதா என்று அதன் இருப்பிடத்தையும் ஒப்பிடுகிறேன்.

போன சனிக்கிழமை நோட்டும் பேனாவுமாக ஒரு மணி நேரம் நிறுத்தத்தில் நின்று, வந்த நேரங்களைக் குறித்தேன். ஒரு வண்டியைத் தவிர மற்றதெல்லாம் நிரலோடு பொருந்தின. அந்த ஒன்றுக்குப் பின்னாலேயே இன்னொரு 147 ஒட்டிக்கொண்டு வந்தது. நிரல் இரண்டையும் ஒன்றாக எண்ணிவிட்டது. இந்த வாரம் அதைச் சரிசெய்கிறேன்.