பாக்ஸ்டர் குடும்பத்தை நடுவிலிருந்து தொடங்காதீர்கள்

அமெரிக்கக் கிறிஸ்தவ நாவலாசிரியர் கேரன் கிங்ஸ்பரியின் பாக்ஸ்டர் குடும்ப நாவல்களில் கையில் கிடைத்ததை எடுத்துப் படித்தால் சிக்கல்தான். முதலில் 2002-இல் வந்த 'ரிடெம்ஷன்'. பிறகு ரிமெம்பர், ரிட்டர்ன், ரிஜாய்ஸ், ரியூனியன். இந்த 5 முடிந்த பிறகே 'ஃபர்ஸ்ட்பார்ன்' வரிசை. (அந்தத் தலைப்பே ஒரு ரகசியத்தைப் போட்டு உடைத்துவிடும்!)

களம் அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்து ப்ளூமிங்டன். டாக்டர் ஜான், எலிசபெத், அவர்கள் பிள்ளைகள். முதல் நாவலில் மகள் கேரியின் கணவன், கல்லூரிப் பேராசிரியன், மாணவி ஒருத்தியோடு போய்விடுகிறான். மணமுறிவுக்கு கேரி இறங்கி வருவதில்லை; அந்தப் பிடிவாதம்தான் காதல் கதை. நிஜ வாழ்க்கைக் குடும்ப ஆலோசகர் கேரி ஸ்மாலி இணைந்து எழுதியதாலோ என்னவோ, சில உரையாடல்களில் ஆலோசனை அறை வாடை அடிக்கும். மகன் லூக்குக்கு 2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பிறகு விசுவாசமே ஆட்டம் காண்கிறது. அவனுக்கானது மூன்றாவது புத்தகம்.